முப்பத்தெட்டு

டீ ஆறினா ஆறட்டும், கதவைச் சாத்துங்க. இது என் மச்சான் ரோதியோனுக்கு நடந்தது.

டிசம்பர். சாயங்காலம் நாலரைதான்... ஆனா ரஷ்யாவுல, கலினின்கிராட்ல அப்பவே கும்மிருட்டு. பைன் மரங்களுக்கு நடுவுல ஒத்தைப் பாதை, முழங்கால் வரைக்கும் பனி. ரோதியோன் தனியா நடந்து சோதனைக்கூடத்துக்கு வந்தான். வாசல் காவல்ல நான்.

உள்ள பெரிய இரும்புத் தொட்டி. காத்தை முழுசா உறிஞ்சிட்டு, அதுக்குள்ள விண்கல என்ஜினை ஓட்டிப் பாப்பாங்க. நீலமா எரியும். அந்தச் சூட்டுல எதை வச்சாலும் உருகிடும். அதனால ஊசி மாதிரி ஒரு கம்பி... சடக்குனு உள்ள போய்த் தொட்டுட்டு வந்துடும். அதுல ஓடின மின்சாரத்தை வச்சுக் கணக்குப் போடணும். சூட்டையே வோல்ட்டுலதான் சொல்லுவாங்க. ஒரு வோல்ட்டுன்னா பதினோராயிரம் டிகிரிக்கு மேல.

பதினஞ்சு வருஷமா கம்பியை விடறவன் வெனியாமின், கணக்குப் போடறவன் ரோதியோன். தொட்டிப் பக்கத்துல இருந்து வெனியாமின், அடுத்த அறையில இருக்கிற ரோதியோனை ஸ்பீக்கர்ல செல்லமாக் கேப்பான்: "எவ்வளவு, ரோத்யா?"

அதே வருஷம் மார்ச்ல முப்பத்தெட்டு வந்துது. இருபதைத் தாண்டினா என்ஜின் சுவர் அரிச்சுப் போயிடும். "இதை அனுப்பாதீங்க, பாதி வழியில செத்துடும்"னு கூட்டத்துல வெனியாமின் எந்திரிச்சான். மேலிடத்து அதிகாரி சிரிச்சான்.

"முப்பத்தெட்டா? அது காய்ச்சல்யா! மாத்திரை குடுங்க!"

வோல்ட்டை டிகிரின்னு நினைச்சுட்டான், மடையன்; அங்க செல்சியஸ்ல முப்பத்தெட்டுன்னா காய்ச்சல். எல்லாரும் சிரிச்சாங்க. வெனியாமின் திரும்பி ரோதியோனைப் பாத்தான்... ஒரு வார்த்தை போதும்.

ரோதியோனும் சிரிச்சான்.

வெனியாமினுக்கு வேலை போச்சு. ஏப்ரல்ல மாரடைப்பு, ஆளும் போயிட்டான். என் மச்சான்தான், இருந்தாலும் சொல்றேன்... பச்சைத் துரோகம்.

அந்த டிசம்பர் சாயங்காலம்தான் கடைசிச் சோதனை. ரோதியோன் கையெழுத்துப் போட்டா என்ஜின் கிளம்பிடும். அவனே கம்பியை விட்டான். கணக்குப் போட்டான். முப்பத்தெட்டு.

பேனாவை எடுத்தான்... மட்டமான புகையிலை வாசம். வெனியாமின் குடிக்கிறது. ஸ்பீக்கர் கர்ர்னுது.

"எவ்வளவு, ரோத்யா?"

கம்பியை விட்டுட்டு அவன் வெளிய வந்ததும் தொட்டி அறையைப் பூட்டினவன் நான். சாவி என் பையில.

ரோதியோன் எழுதிக்கிட்டே சொன்னான்: "இருபது."

ஸ்பீக்கர்ல மறுபடி கர்ர். அப்புறம்... சிரிப்பு. ரோதியோனோட சிரிப்பு! கூட்டத்துல சிரிச்சானே, அதே. நான் ஓடினேன். வாயை ரெண்டு கையாலயும் பொத்திட்டு உக்காந்திருக்கான். ஸ்பீக்கர் கம்பியை வெட்டிப் போட்டேன். நிக்கலை.

பூட்டைத் திறந்து, தொட்டிமேல காதை வச்சேன்... உள்ள இருந்துதான் வருது.

அதுக்குள்ள காத்தே கிடையாதுய்யா.