சத்தியில் கட்டிய கோட்டை

சத்தியமங்கலத்திலிருந்து கோவைக்கு வரும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு பெண் மடியில் அட்டைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். முப்பது வயதிருக்கும். பெட்டியில் என்ன என்று பக்கத்து சீட் பெரியம்மா கேட்டதுதான் தாமதம்.

"கோட்டைங்க. பிளாஸ்டிக் பிளாக்ஸ்ல கட்டற கோட்டை. இந்த மாதிரி நெறைய சேத்து வெச்சிருக்கறனுங்க. ஊட்ல எடமில்லீன்னு இதை ஆன்லைன்ல விக்கப் போட்டேன். சத்தியில ஒருத்தரு வாங்கறேன்னாரு. எடுத்துட்டு வந்தா, 'எல்லாத் துண்டும் இருக்குதான்னு எனக்கெப்படித் தெரியும்? கட்டிக் காட்டுங்க'ங்கறாரு."

"கட்டுனியா கண்ணு?"

"நாலு மணி நேரமுங்க. தரையில உக்காந்து முதுகே போச்சு. ஒரு துண்டு கொறையலீங்க. அவரு பாப்பா அதுல ஒரு மணி நேரம் வெளையாடுச்சு. அப்பறம் சொல்றாரு, 'பாப்பாவுக்குச் சலிச்சுப்போச்சுங்க, வேண்டாமுங்க'ன்னு. கோட்டையைப் பிரிக்கறதுக்கு மட்டும் குடும்பமே ஒத்தாசைக்கு வந்துச்சு."

"இதென்னம்மா அநியாயம். நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுப்போட்டு வாரதுதான?"

அவர் பெட்டியை மடியில் சரிசெய்துகொண்டார்.

"எப்படிங்க கேக்கறது? மத்தியானம் அவரு சம்சாரம் எலை போட்டு, வேண்டாம் வேண்டாம்னாலும் மறுசோறு வெச்சாங்க. அவரு வேண்டாம்னு சொன்னப்பக்கூட என் கையில அவங்க குடுத்த காப்பி இருந்துதுங்க. பஸ் ஏறுனப்பறம்தானுங்க கோவமே வந்துச்சு."