புல்லுக்கு வேண்டிய நிழல்

புல்லை மண்ணோடு பெயர்த்துச் சுருட்டி வைத்தால் மூன்று நாள் வரை அதன் உயிர் போகாது. நிழல் வேண்டும், ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் தோட்டக்காரர். அவரையும் தாங்கள் இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்து உட்கார வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர்மீது எந்தப் பிழையும் இல்லை. அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மற்றவற்றை நான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டின் பின்புறம் ஒரு புல்தரை. அதன் விளிம்பில், சுவரை ஒட்டிப் பதினைந்து படி இறங்கினால் அண்ணனின் அறை. அண்ணன் நில அளவைத் துறையில் பணியாற்றியவர்; வரைபடங்கள் வெயிலில் வெளுத்துவிடாமல் இருக்க அந்த அறையைத் தரைக்குக் கீழே கட்டிக்கொண்டார். அதற்கு ஒரே கதவு. ஒரே ஜன்னல், அதுவும் கூரையை ஒட்டி, புல்லின் மட்டத்தில், கம்பி போட்டது. கதவு வெளிப்புறமாகத் திறக்கும். உட்புறம் திறந்தால் மேசைக்கு இடம் போதாது என்று அவரே அப்படி வைத்தார். ஓய்வு பெற்ற பின்னும் மதிய உணவு முடிந்ததும் அங்கே இறங்கிப் படுப்பார். ஐந்து மணிக்கு நான் தேநீர் கொண்டுபோகும்போது எழுவார்.

ஆண்டுக்கணக்கில் மண் படிந்து, புல்தரை வீட்டை நோக்கிச் சாய்ந்துவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் படியிறங்கி அவர் அறைக்கு விருந்துக்கு வந்தது. மண்ணை வெட்டிச் சாய்வைத் தெருக் கால்வாயின் பக்கம் திருப்ப வேண்டும் என்று முடிவு செய்தார். ஆனால் புல் சாகக் கூடாது. அது அண்ணி நட்ட புல். அண்ணி மறைந்து பன்னிரண்டு ஆண்டாகிறது. "ஒரு இதழ் பிஞ்சாலும் உன்னத்தான் கேப்பேன்" என்றார் என்னிடம். அந்த வீட்டில் எது பிய்ந்தாலும் கேட்கப்படுபவள் நான்தான். வேறு ஆள் இல்லை.

தோட்டக்காரர் வேடிக்கையாகப் பேசுவார். "புல்லப் புடுங்கத்தான் எல்லாரும் ஆள் கூப்பிடுவாங்கம்மா. இதுக்கு நான் மருத்துவச்சி வேலையில்ல பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டே, அகன்ற மண்வெட்டியால் பாய் பாயாக அரிந்து சுருட்டினார். நாற்பத்து நான்கு சுருள்கள். எல்லாவற்றையும் மதிலோர மரத்தடியில் அடுக்கினார். பிறகு சாய்வு பார்க்க ரசமட்டம் வேண்டும் என்றார். அண்ணன் தம் அளவுப் பெட்டியின் சாவியை முதன்முறையாக என் கையில் கொடுத்தார்.

ரசமட்டத்தின் அடியில் ஓர் உறை இருந்தது. என் பெயருக்கு வந்தது. ஒழுங்காகப் பிரித்து, ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. வேறோர் ஊரில் பெண்கள் பள்ளி ஒன்று என்னைத் தமிழாசிரியையாக நியமித்து, தங்க அறையும் கொடுத்து, குறித்த நாளில் வந்து சேரும்படி எழுதியிருந்தது. முப்பத்தோர் ஆண்டுக்கு முந்தைய கடிதம். அந்த இடம் வேறு யாருக்கோ போய்விட்டது என்றுதான் அண்ணன் அப்போது சொன்னார். ஆறுதலாக ஒரு புதுப் புடவையும் வாங்கித் தந்தார். கிழியும்வரை நான் அதை நன்றியோடு உடுத்தினேன்.

அவர் கொடியவர் என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது. என்னை ஒருநாளும் அடித்ததில்லை. வாயிற்கதவின் சாவி அவர் இடுப்பில் இருக்கும், கேட்டால் தருவார். ஏன் என்று கேட்டுவிட்டுத் தருவார். நூல் வாங்க, பல்லை மருத்துவரிடம் காட்ட, கோயிலுக்கு என்று விடை சொல்லிச் சொல்லி, ஒரு காலத்துக்குப் பின் நான் சாவி கேட்பதையே நிறுத்திவிட்டேன். வெளியே போக என்னிடம் காரணங்கள் மிஞ்சவில்லை.

நண்பகலில் வானம் கறுத்தது. தோட்டக்காரர் படிகளின் மேல்முனையிலிருந்து கால்வாய்வரை ஒரு வாய்க்கால் கீறிவிட்டு, மீதியை மறுநாள் பார்ப்பதாகச் சொன்னார். "இத மட்டும் அடச்சிடாதீங்கம்மா. மாடித் தண்ணியும் இங்கதான் விழுது. அடச்சா அவ்வளவும் ஐயா ரூமுக்குத்தான்." அவரை வெளியே விட்டு, அண்ணன் வாயிலைப் பூட்டிக்கொண்டு சாப்பிட வந்தார்.

கடிதத்தை அவர் தட்டின் அருகில் வைத்தேன். எடுத்துப் படித்தார். முகம் மாறவில்லை.

"இத இன்னுமா வச்சிருக்கேன்" என்றார். பிறகு சிரித்தார். "விடு. போயிருந்தாலும் இந்த வருஷம் ரிட்டயர் ஆகி வீட்டுக்குத்தான வந்திருப்ப?"

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. கணக்கு சரிதான், அவர் கணக்கில் தவறியதே இல்லை. இன்னும் ஒரு கரண்டி சோறு கேட்டார். போட்டேன்.

அவர் இறங்கிப் படுத்த பின் எனக்குப் புல்லின் கவலை வந்தது. மரத்தடியில் பிற்பகல் வெயில் சாய்ந்து விழும். படிப்பள்ளத்தில் எந்நேரமும் நிழல், குளிர்ச்சி. ஆகவே சுருள்களை ஒவ்வொன்றாக அங்கே கொண்டுபோனேன். ஒரு சுருள் இடுப்பில் தூக்கும் குழந்தையின் கனம் இருக்கும் என்பார்கள். எனக்குப் பிள்ளை இல்லாததால் ஒப்பிட்டுச் சொல்ல இயலாது. கதவை ஒட்டி, இடைவெளி இல்லாமல், அதன் பாதி உயரத்துக்கும் மேலாக நாற்பது சுருள்களை அடுக்கினேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. பத்து ஆண்டாக விடாத இடுப்புவலி அன்று இல்லை. மிஞ்சிய நான்கையும் வாய்க்காலில் வைத்தேன். அளவாகப் பொருந்தின.

மழை கொட்டத் தொடங்கியது. கைகால் கழுவிக்கொண்டு அன்றாடம் ஓதும் பதிகத்தை ஓத உட்கார்ந்தேன். மூன்றாம் பாட்டில் கதவைத் தட்டும் ஒலி தொடங்கியது. ஓதுவதைப் பாதியில் விட்டு எழுவது எனக்குப் பழக்கமில்லை. பதினொரு பாட்டையும் பிழையின்றி முடித்து, விளக்கை வணங்கி, குடையை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே போனேன்.

அண்ணன் மேசைமீது ஏறி நின்றிருந்தார். மேசைக்கு அங்கே இடம் இருந்தது. தண்ணீர் அவர் இடுப்பைத் தொட்டிருந்தது. இரண்டு கைகளும் கம்பியைப் பற்றியிருந்தன.

"புல்ல எடு. எல்லாத்தையும் இழுத்துப் போடு."

"நனஞ்ச புல்லு அண்ணா. இழுத்தா பிஞ்சிடும்."

"பிஞ்சா பிஞ்சிட்டுப் போகுது."

அண்ணியின் புல்லைப் பற்றி அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு என்னைச் சிறுவயதில் அழைத்த பெயரால் அழைத்தார். அந்தப் பெயர் அவருக்கு நினைவிருக்கும் என்று நான் எண்ணியிருக்கவில்லை.

"சின்னு. கதவத் திறந்து விடும்மா."

"ஏன் அண்ணா?" என்று கேட்டேன்.

சாவி கேட்கும்போதெல்லாம் அவர் என்னைக் கேட்ட கேள்விதான். பதில் சொல்லிப் பழக்கமில்லாதவர், கம்பியைப் பிடித்து உலுக்கினார்.

ஐந்து மணிக்குத் தேநீர் கொண்டுபோனேன். கோப்பை கம்பிக்குள் நுழையவில்லை. பழைய மேசை, அதன் கால் ஊறியிருந்ததோ என்னவோ, நான் திரும்பி நடக்கையில் சாயும் ஒலி கேட்டது. அவருக்கு நீந்தத் தெரியாது.

மறுநாள் தோட்டக்காரர்தான் சுருள்களை நீக்கினார். தங்கள் ஆட்கள் வந்து போன பின், மூன்றாம் நாள் நானே அவரைக் கெஞ்சி வேலையை முடிக்கச் சொன்னேன். அழுதுகொண்டே முடித்தார். சாய்வு இப்போது சரியாக இருக்கிறது. புல்லில் ஒரு துண்டும் காயவில்லை. தாங்கள் போய்ப் பார்க்கலாம்.

நேற்றுத் தாங்கள் ஒன்று கேட்டீர்கள்: அந்த வாரம் முழுவதும் வானம் மூடிக் கிடந்ததே, புல்லுக்கு எதற்கு நிழல் என்று. ஏன் என்று யார் கேட்டாலும் விடை சொல்லிப் பழகியவள் நான், இதற்கும் சொல்லிவிடுகிறேன். வெயில் வராது என்று எனக்குத் தெரியும். கதவு திறக்காது என்றும் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று மாலை மழை விட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு, கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வாயில்வரை போனேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வாயில் பூட்டியிருந்தது. சாவி அவர் இடுப்பிலேயே இருந்தது. மறுநாள் காலை தோட்டக்காரர் மதிலேறிக் குதித்து வரும்வரை, நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.