ஒற்றை நாற்காலி போதாது

மேடையில் வீற்றிருக்கும் ஊர் மன்றத் தலைவர் அவர்களே! கசப்புத் தண்ணீர் குலத்துத் தாய்மார்களே! ஆட்டைப் பட்டியில் அடைத்துவிட்டு ஓடி வந்திருக்கும் என் நவஹோ உறவுகளே!

நான் ஹாரிசன் மெனிகோட்ஸ், உப்புக் குலத்தில் பிறந்தவன். நம் துக்க முறைப்படி நான்கு நாள் வாய் மூடிக் காத்தோம், இன்று பேசலாம். ஆனாலும் மறைந்தவர் பெயரைச் சொல்வது நம் வழக்கமில்லை, நானும் சொல்லப்போவதில்லை. குடும்ப மனநல ஆலோசகர் டாக்டரம்மா என்றால் இந்த மண்ணில் யாருக்குத் தெரியாது?

அவரிடம் நான் உதவியாளனாக வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், நோயாளிக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைத்தேன். வந்து பார்த்தார்.

"என்னப்பா ஹாரிசன், ஒத்த நாற்காலி? வர்ற பொண்ணு வானத்துலருந்து குதிச்சாளா? அப்பன் ஆத்தா இல்லையா?"

அன்று முதல் ஏழு நாற்காலி!

வந்த பெண் ரோஷெல். குடியை விட முடியாமல் வந்தவள். டாக்டரம்மா அவளை விட்டுவிட்டு அவள் அப்பாவிடம் காய்ந்த புல்லைக் கட்டிச் செய்த நம் சீப்பு ஒன்றை நீட்டினார். அந்த அப்பா, வில்பர் ஐயா, இதோ முன்வரிசையில் இருக்கிறார். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன்.

"பொண்ணுக்குத் தலை வாரி விடுங்க."

"எனக்கு வராதும்மா. ஆறு வயசுல சர்க்கார்க்காரங்க பிடிச்சுக்கிட்டுப் போன விடுதிப் பள்ளிக்கூடத்துல என் முடிய வெட்டிக் குப்பையில போட்டாங்க. அதுலருந்து நான் யார் தலையையும் தொட்டதில்ல. பெத்த புள்ள தலையக்கூட."

"கோணலா வாருங்க. அவ திட்டட்டும்."

திட்டினாள்! "அப்பா, நான் என்ன செம்மறியா? மெதுவாப்பா!"

வில்பர் ஐயா சிரித்தார். பிறகு சீப்பைப் பிடித்தபடியே அழுதார். நானும்தான் அழுதேன், எனக்கென்ன வெட்கம்? ரோஷெல் குடியை விட்டு ஆறு வருடம் ஆகிறது!

மருத்துவமனை மேலிடத்துக்கு இது பிடித்ததா? ஒரு நோயாளி, ஒரு நாற்காலி, அரை மணி நேரம் என்று உத்தரவு போட்டார்கள். அதைக் கொண்டுவந்த அதிகாரியின் முகத்துக்கு நேராகவே அம்மையார் கேட்டார்:

"ஒவ்வொருத்தரா பிரிச்சுக் கொண்டுபோய்த்தானே எங்கள உடச்சீங்க? ஒவ்வொருத்தரா உக்கார வச்சா ஒட்டுமா?"

அவர் இருந்தவரை அந்த அறையில் கைவைக்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. இறந்தபின் வந்தது! நேற்று ஆறு நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஒன்றை எனக்கென்று விட்டுவைத்திருக்கிறார்கள். நாளை காலை ஒன்பது மணிக்கு ஒரு குடும்பம் வருகிறது, ஆறு பேர். அவர்களைத் தரையில் உட்காரச் சொல்லவா? பள்ளிக்கூடத்தில் நம்மை முட்டி போட வைத்தது போதாதா?

விடமாட்டேன்! வேலை போனால் போகட்டும். ஆட்டை மேய்த்துப் பிழைத்துக்கொள்வேன்.

கூட்டம் முடிந்ததும் யாரும் நாற்காலிகளை மடக்கி அடுக்க வேண்டாம். ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொள்ளுங்கள், மருத்துவமனை எதிரில்தானே இருக்கிறது! தலைவர் அவர்களே, இவை மன்றத்துச் சொத்து என்று எனக்குத் தெரியும். நாளைக்கு என்மேல் புகார் எழுதுங்கள்.

வில்பர் ஐயா, நான் இன்னும் முடிக்கவில்லை. நாற்காலியைக் கீழே வையுங்கள்...

சரி, நடங்கள். முடித்துவிட்டேன்.