என் மனைவியின் கைகள் வெந்தது குறித்து

நான் மேற்கண்ட முகவரியில் மனைவியுடனும் ஒன்பது வயது மகளுடனும் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். வயது நாற்பத்திரண்டு. முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் மனைவி குழந்தைகள் வார்டில் நர்ஸாக வேலை பார்க்கிறாள். ஊசி போட்டால் வலி தெரியாது என்பதால் வார்டில் அவளுக்குப் பூக்கை என்று பெயர். அவளுடைய இரு கைகளும் வெந்தது தொடர்பாக என்னை விசாரித்ததில் நான் சொல்வதாவது:

சென்ற மழைக்காலத்தில் மூச்சுத்திணறலுடன் கொண்டுவரப்பட்ட ஒரு குழந்தை, என் மனைவி மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும்போதே இறந்துவிட்டது. அதன் தாய் என் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கை பட்டதும்தானே போச்சு" என்று கதறியிருக்கிறாள். வரும்போதே நிலைமை கைமீறிவிட்டது என்று டாக்டர் சொல்லியும் என் மனைவி ஏற்கவில்லை. அதன் பின் அந்த வாரமே இன்னொரு குழந்தையும் தவறியது. அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து, "வேற யாராவது நின்னிருந்தா அதுங்க பொழைச்சிருக்கும்" என்றாள். "அப்போ உன் கையால பொழைச்சுப் போனதெல்லாம்?" என்று கேட்டேன். "அதுங்க தானாப் பொழைச்சுதுங்க" என்றாள்.

அதன் பின் அவள் எங்கள் மகளைத் தொடுவதை நிறுத்திவிட்டாள். தட்டைத் தரையில் வைத்து நகர்த்திவிடுவாள். மகளுக்கு நான்தான் தலை பின்னினேன். கோணலாக வரும். பள்ளியில் கேலி செய்கிறார்கள் என்பதை மகள் என்னிடம் மட்டும் சொன்னாள். "மெஷின் ஊசி என் விரல்ல எத்தனை தடவை ஏறியிருக்கு, அதுக்காக மெஷினையே வித்துட்டேனா?" என்று ஒருநாள் மனைவியிடம் சொன்னேன். சிரித்தாள். அதன் பின் எழுந்து போய்க் கை கழுவினாள்.

சம்பவ நாளன்று மதியம் மனைவி பாயில் கண்ணயர்ந்திருந்தாள். மகள் சத்தமில்லாமல் அவள் பக்கத்தில் படுத்து, அவள் கையை எடுத்துத் தன் கன்னத்தின் மேல் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். நான் பார்த்தேன், எழுப்ப மனம் வரவில்லை. மாலையில் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. மனைவி தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். நான் மகளுக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். பாத்திரச் சத்தம் கேட்டு ஓடினபோது, அடுப்பிலிருந்து இறக்கிய கொதிநீரில் இரண்டு கைகளையும் விட்டபடி நின்றிருந்தாள். கத்தவில்லை. "கழுவிப் பாத்துட்டேன், போகல" என்றாள். நான் இழுத்ததில் கொதிநீர் என் மார்பிலும் சிந்தியது. "ஏன்டி இப்படிப் பண்ணுன" என்று நான் போட்ட சத்தத்தைத்தான் பக்கத்து வீட்டார் சண்டை என்று நினைத்திருக்கிறார்கள். அதன் பின் அவர்களே ஆட்டோ பிடித்து எங்களை அனுப்பிவைத்தார்கள்.

மறுநாள் காலையில் மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய், "பாப்பா எந்திரிச்சுட்டா, விளையாடுறா" என்று மனைவியிடம் சொன்னேன். பல மாதங்களுக்குப் பின் அவள் முகம் தெளிந்தது. "பாத்தீங்களா? நான் இங்க வந்துட்டேன்ல, அதான்" என்றாள்.

என் மனைவியை நான் எக்காலத்திலும் அடித்தவனோ துன்புறுத்தியவனோ அல்ல. எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)