காப்பார் சாலையில் காற்று நின்ற இடம்

மாலை நான்கு மணி. காப்பார் ஊரைத் தாண்டி, கடலை நோக்கிப் போகும் செம்பனைத் தோட்டச் சாலை. இரண்டு பக்கமும் மரங்கள். ஒரு லோரிகூட இல்லை… நல்ல வெயில். அதை மறந்துவிடாதீர்கள். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன்.

இது நம் தனேஷின் தாய்மாமாவுக்கு நடந்தது. பெயர் கமலநாதன். பிரிக்ஃபீல்ட்ஸில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். போன வருடம் நெஞ்சு ரத்தக்குழாயில் அடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, பல மாதம் படுக்கையில் கிடந்தவர். சைக்கிள் ஓட்டலாம், ஆனால் மூச்சு வாங்க மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றுதான் மனுஷனுக்கு முகத்தில் களையே வந்தது. மாமி உஷாராணி மட்டும் ஒரு வார்த்தை சொன்னாராம்.

“ஓட்டுங்க, வேணாங்கல. ஆனா முடியாம கூட வர்ற வேன்ல ஏறி உக்காந்தீங்கன்னு காதுல விழுந்துச்சு, மறுநாளே சைக்கிளை வித்துருவேன்.”

லூமுட் ஊர் வரை மூன்று நாள் சைக்கிள் பயணம். எட்டுப் பேர், களைத்தவர்களை ஏற்றிக்கொள்ளக் கூடவே ஒரு வேன். முதல் நாள் ஆற அமரத்தான் போனார்கள். கிள்ளானில் தோசை, காப்பாரில் இளநீர், மர நிழலில் ஒரு தூக்கம். அப்படி ஓய்வெடுத்து ஓட்டுவதில் ஒரு தொல்லை உண்டு: ஒவ்வொரு முறை எழும்போதும் கால் கொஞ்சம் கூடுதலாகக் கனக்கும். மத்தியானத்துக்குமேல் மாமாவுக்குத் தொடை இரண்டும் ஈரச் சாக்கு மாதிரி ஆகிவிட்டது.

“அங்கிள், வேன் கூப்பிடவா? உள்ள ஏர்கோன் இருக்கு லா,” என்றான் ரிஷி. குழுவில் வாய்க்கொழுப்பு அவனுக்குத்தான்.

“நீ போயி எனக்கு தே தாரிக் சொல்லிவைடா. ஆறுறதுக்குள்ள வரேன்.”

குழுவை நடத்திச் சென்ற தாமரை சிரித்தாள். “மெதுவா வாங்க அங்கிள். முடியலன்னா போன் அடிங்க.”

எல்லாரும் போய்விட்டார்கள். வேன் ஏற்கெனவே அடுத்த தேநீர்க் கடைக்குப் போயிருந்தது. மாமா தனியாக… எதிரே கடற்காற்று.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். சைக்கிளில் போகிறவனுக்குப் பெரிய பாரம் காற்றுதான். முன்னால் ஒருவர் போனால், காற்றை அவர் கிழித்துவிடுவார். அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் ஒரு சின்ன இடம் சும்மா கிடக்கும். அங்கே சக்கரத்தோடு சக்கரமாக ஒட்டிக்கொண்டால் பாதி உழைப்பு மிச்சம். கொஞ்சம் விலகினாலும் போச்சு. ஆனால் முன்னால் போகிறவரும் மனுஷன்தானே? களைத்தால் முழங்கையை ஒரு வெட்டு வெட்டி, வலப்பக்கம் ஒதுங்கி, பின்னால் வந்து சேர்ந்துகொள்வார். அடுத்தவர் முன்னால் போக வேண்டும். அதுதான் முறை. நெஞ்சு காரணமாக மாமாவுக்கு மட்டும் அந்த முறையிலிருந்து விலக்குக் கொடுத்திருந்தார்கள்.

தலையைக் குனிந்துகொண்டு மிதித்தார். மிதித்தார்… சட்டென்று காற்று நின்றது.

காதில் இரைச்சல் இல்லை. கால் இலேசானது. காற்றுத்தான் அடங்கிவிட்டதோ என்று நிமிர்ந்து பார்த்தார். செம்பனை ஓலைகள் தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தன.

வலப்பக்கம் ஒரு முழம் விலகினார். முகத்தில் அறைந்தது காற்று. பழைய இடத்துக்கு வந்தார்… அமைதி. இன்னொரு முறை விலகிப் பார்த்தார். அதேதான். முன்னால் வெறும் தார்ச்சாலை. அதில் கானல்.

சேற்று வாடை அடித்தது. அலையாத்திக் காட்டில் தண்ணீர் வற்றும்போது வருமே, அந்த வாடை. கூடவே ஒரு சத்தம்… டிக் டிக் டிக் டிக். மிதிப்பதை நிறுத்தும்போது பின்சக்கரத்தில் வரும் சத்தம். மாமா நிறுத்தவில்லை. மிதித்துக்கொண்டுதான் இருந்தார்.

பயந்திருக்க வேண்டும். ஆனால் அவ்வளவு அசதி. அந்த இடத்தைவிட்டு விலக அவருக்கு மனசே வரவில்லை. வேனைக் கூப்பிடாமலே போய்ச் சேர்ந்துவிடலாம்! பழக்கதோஷத்தில் வாய்விட்டே சொல்லிவிட்டார்.

“தேங்க்ஸ் லா, பாஸ்.”

டிக் டிக் சத்தம் நின்றது.

கொஞ்ச தூரம் ஒன்றுமில்லை. பிறகு அந்தச் சத்தம் மறுபடி கேட்டது… வலப்பக்கமாக. அவர் முன்சக்கரத்தின் ஓரம். முழங்காலின் ஓரம். தோளின் ஓரம். மெதுவாகப் பின்னால் போயிற்று. காற்று முழுசாக வந்து அவர் நெஞ்சில் மோதியது.

மாமாவுக்குப் புரிந்துவிட்டது. இப்போது அவர் முறை.

மிதித்தார். நெஞ்சுக்குள் ஏதோ இறுக்கியது. வேகத்தைக் குறைத்தால், பின்னால் டிக் டிக் இன்னும் கிட்டே வந்தது. முழங்கையை வெட்டி, வலப்பக்கம் ஒதுங்கி, முன்னால் போக வழிவிட்டார். யாரும் போகவில்லை. பிரேக் பிடித்து நின்றார். பின்னால் இன்னொரு பிரேக் கிரீச்சிட்டது… அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி ஏறி மிதித்தார்.

கடை வந்ததும் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். ரிஷி விழுந்து விழுந்து சிரித்தான்.

“என்னா அங்கிள், சேத்துல குளிச்சீங்களா?”

முகம், கழுத்து, நெஞ்சு… பொட்டுப் பொட்டாகச் சாம்பல்நிறச் சேறு. தாமரை ஈரத்துணி எடுத்து வந்தவள், அப்படியே நின்றாள். சைக்கிள்காரர்களுக்குத் தெரியும்: நம் சக்கரம் வாரும் சேறு நம் முதுகில்தான் அடிக்கும். முகத்தில் அடித்தால் அது முன்னால் போகிறவரின் சக்கரத்திலிருந்து. அவள் மாமாவின் முதுகைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. அந்தப் பக்கம் மழை பெய்து இரண்டு வாரமாகியிருந்தது.

“யாரு பின்னாடி வந்தீங்க அங்கிள்?”

மாமா எழுந்துபோய், தானாகவே வேன் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். ஓட்டுநர் பக்கிரிசாமியிடம் ஒன்றே ஒன்று சொன்னார். “வீட்டுக்குப் போயிரலாம்ணே.”

மாமி சொன்னபடியே சைக்கிளை விற்றுவிட்டார். மாமாவுக்கு இப்போது நடைதான், ரயில்தான்.

போன மாதம் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில், வேலை விடும் நேரத்துக் கூட்டம். எஸ்கலேட்டரில் மாமா முன்னால், தனேஷ் பின்னால். ஆள்மேல் ஆள் ஏறிவரும் நேரத்திலும் இருவருக்கும் நடுவே ஒரு படி காலி. தான் ஏன் ஒரு படி விட்டு நின்றோம் என்று அவனுக்கே தெரியவில்லை. ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் ஒரு மலாய்க்காரர் வலப்பக்கமாக ஏறி வந்தார். தனேஷை உரசிக்கொண்டு, “சோரி பாங்,” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார். மாமாவிடமும் “சோரி பாங்,” என்றார்.

நடுவில் அந்தப் படியைத் தாண்டும்போதும் சொன்னார்.