கிழிக்காத கார்டு

ஜன்னலைச் சாத்திடுங்க. கரண்ட் வரும்போது வரட்டும். அங்கீட்டி அடுப்பில் இன்னும் கனல் இருக்கு... கிட்ட வந்து உக்காருங்க.

இது நம்ம ஜோதிலிங்கத்தோட சித்தப்பா மகன் அய்யாசாமிக்கு நடந்தது. ஜோதிலிங்கம் இன்னிக்கு வரல, நல்லதாப் போச்சு. அவன் இருந்தா இந்தப் பேச்சை எடுத்ததுமே எழுந்து போயிடுவான்.

எண்பத்தொன்றாம் வருஷம். ஜனவரி மாசம். அதிகாலை நாலே முக்கால் மணி.

ஜனக்புரியிலிருந்து கன்டோன்மென்ட் வழியாக தௌலா குவானுக்குப் போகிற ரோடு. பனி என்றால் அப்படியொரு பனி. சைக்கிளின் முன்சக்கரமே தெரியவில்லை. டைனமோ விளக்கு ஒரு முழத்துக்கு மேல் பாயவில்லை. ஒரு லாரி இல்லை, ஒரு நாய் இல்லை. அய்யாசாமி மட்டும் மிதித்துக்கொண்டிருந்தான். பின்னால் கேரியரில், சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டிய ஒரு தகரப் பெட்டி.

கடக்... கடக்... கடக்...

பள்ளத்துக்குப் பள்ளம் பெட்டி அடித்துக்கொண்டே வந்தது. பத்து மணிக்குள் அது நாலாக் கரைக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் நாற்பது குடும்பம் நடுத்தெருவில்.

லோதி ரோடு குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு பெரிய சாக்கடை ஓடும். நாலா என்பார்கள். அதன் கரையில் நாற்பது குடிசை. எல்லாம் சேலம், ஈரோடு பக்கத்து ஜனங்கள். பெண்கள் குவார்ட்டர்ஸ் வீடுகளில் பாத்திரம் தேய்ப்பார்கள். ஆண்களுக்குக் கட்டட வேலை. அய்யாசாமி சுவருக்கு வெள்ளையடிப்பவன்.

அந்த வாரம் புதன்கிழமை ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். வெள்ளிக்கிழமை குடிசைகளை இடிக்கப் போகிறார்கள். எழுபத்தைந்துக்கு முன்பிருந்தே இங்கே குடியிருப்பதாகக் காகிதம் காட்டுகிறவர்களுக்கு யமுனைக்கு அந்தப் பக்கம் ஒரு மனை. காட்டாதவர்களுக்கு ஒன்றும் இல்லை.

காகிதத்துக்கு எங்கே போவது? எழுபத்தெட்டு வெள்ளத்தில் ரேஷன் கார்டு, ட்ரங்குப் பெட்டி, சாமி படம் எல்லாம் போய்விட்டன. புதன்கிழமை ராத்திரி நாலாக் கரையில் ஒரு அடுப்பும் எரியவில்லை. சந்திரம்மாள்தான் திடீரென்று மூக்கனை ஞாபகப்படுத்தினாள்.

குடிசைகளுக்கு நம்பர் கிடையாது. அந்தக் காலத்தில் எந்தக் கடுதாசியும் "கேர் ஆஃப் மூக்கன், நாலாக் கரை" என்றுதான் வரும். முதல் குடிசை அவருடையது. படிக்கத் தெரிந்தவரும் அவர்தான். கல்யாணம், காதுகுத்து என்று வந்த கடிதங்களை அவரவர் வாங்கிக்கொண்டு போய் வெள்ளத்துக்குக் கொடுத்தார்கள். சாவுக் கார்டை யாரும் வாங்கிக்கொண்டு போனதில்லை.

உங்களுக்கே தெரியும். மூலையில் கருப்பு தடவிய கார்டு வந்தால் வாசலுக்கு வெளியே நின்று படிக்கணும். படித்த கையோடு கிழித்துப் போட்டுவிட்டுத் தலைமுழுகணும். வீட்டுக்குள் கொண்டுபோகக்கூடாது. மூக்கன் படிப்பார். கேட்டவர்கள் அழுவார்கள், "கிழிச்சுடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போவார்கள்.

மூக்கன் ஒன்றைக்கூடக் கிழிக்கவில்லை.

வெள்ளத்துக்கு முன்னாலேயே அவர் ஜனக்புரிக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டார். அய்யாசாமி மூன்று கட்டடம் மாறி மாறித் தேடி, வியாழக்கிழமை ராத்திரிதான் அவரைக் கண்டுபிடித்தான். பூசாத ஒரு கட்டடத்துக்குள், சிமெண்ட் சாக்கு மேல் படுத்திருந்தார். பெட்டி அவர் தலைமாட்டில்.

"எத்தனையோ பேரு வந்தாங்க, கல்லு சுமந்தாங்க, செத்தாங்க," என்றார் மூக்கன். "இந்த ஊர்ல அவங்க பேரு வேற எங்கடா எழுதியிருக்கு? அதான் கிழிக்கல. பாவமோ புண்ணியமோ, எடுத்துட்டுப் போ."

நாலாக் கரை விலாசமும் தபால் முத்திரையும் உள்ள சாவுக் கார்டுகள். அச்சடித்த கருமாதிப் பத்திரிகைகள். இறந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டு, குடும்பமே சுற்றி நின்று எடுத்துக்கொண்ட போட்டோக்கள். ஸ்டுடியோக்காரன் கீழே வெள்ளை மையில் தேதி போட்டிருப்பான். குடிசைக்குள் வைக்கப் பயந்தவர்கள் அதையும் அவரிடமே விட்டிருந்தார்கள்.

அந்தப் பெட்டிதான் கேரியரில் வந்துகொண்டிருந்தது.

கடக்... கடக்...

கன்டோன்மென்ட் தாண்டி ஒரு மேடு. அங்கே சத்தம் நின்றது.

ரோடு பழைய ரோடுதான். பள்ளம் பழைய பள்ளம்தான். பெட்டி மட்டும் ஆடவில்லை. பெடல் கனத்தது. பின்சக்கரம் அமுங்கியது... யாரோ ஓடிவந்து கேரியரில் தொற்றி உட்கார்ந்தால் எப்படி அமுங்கும், அப்படி. கூடவே ஒரு வாசனை. சீயக்காய், மஞ்சள், நசுங்கிய ரோஜாப்பூ. குளிப்பாட்டி முடித்த உடம்பிலிருந்து வருமே, அந்த வாசனை.

அய்யாசாமி திரும்பவில்லை. திரும்பினால் சைக்கிள் விழும், பெட்டி உடையும். நாற்பது குடும்பம்... நாற்பது குடும்பம்... என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான். ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கம் ஒரு பால் வண்டியின் வெளிச்சம் பட்டதும் பெடல் லேசானது. பெட்டி மறுபடி அடிக்க ஆரம்பித்தது.

நாலாக் கரைக்கு வந்தபோது மணி ஆறரை. அவன் மனைவி அருக்காணி குடிசை வாசலில் கையை விரித்து மறித்தாள்.

"உள்ள கொண்டாராதீங்க. அங்கயே வெச்சுப் பிரிங்க. பொன்னி தூங்கறா."

வெளியிலேயே ஒரு சாக்கை விரித்துப் பெட்டியைக் கவிழ்த்தான். ஜனம் சுற்றிக்கொண்டது. அவன் ஒவ்வொன்றாக எடுத்துப் பேர் படித்தான். படிக்கப் படிக்க ஒருத்தர் அழுவார், அடுத்த நிமிஷமே சிரிப்பார். சந்திரம்மாளுக்குப் புருஷன் போட்டோ கிடைத்தது. நாற்காலியில் வாய்க்கட்டோடு அவர். பின்னால் இதே குடிசை. கீழே எழுபத்துமூன்று என்று தேதி.

"உசுரோட இருந்தப்ப ஒரு முழம் பூ வாங்கித் தந்ததில்ல இந்த மனுசன்," என்றாள், முந்தானையால் போட்டோவைத் துடைத்தபடி. "செத்துத்தான் வீடு வாங்கித் தரணும்னு இருந்திருக்கான்."

எட்டு மணிக்குள் முப்பத்தொன்பது குடும்பத்துக்குக் காகிதம் கிடைத்துவிட்டது.

அய்யாசாமிக்கு இல்லை.

அவன் டெல்லி வந்தது எழுபதில். அதற்கப்புறம் அவன் குடும்பத்தில் சாவே விழவில்லை. ஊரில் அப்பா அம்மா இரண்டு பேரும் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறார்கள். சாவு இல்லை, அதனால் கார்டு இல்லை. ஜனம் காகிதத்தோடு வரிசைக்கு ஓடிவிட்டது. அவன் காலிப் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினான். கெஞ்சினான் என்றுகூடச் சொல்லலாம். யாராவது இருங்களேன்... எனக்கும் யாராவது...

அடித்தகரத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு கார்டு இருந்தது. நகத்தால் நெம்பி எடுத்தான்.

அச்சடித்த கருமாதிப் பத்திரிகை. நாலு மூலையிலும் கருப்பு. மூக்கன் பேருக்கு வந்தது. தபால் முத்திரை தெளிவாக இருந்தது. எழுபத்திரண்டு.

"எனது மனைவி அருக்காணி, தை மாதம் 10ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை சிவபதவி அடைந்தார்..."

கீழே: இப்படிக்கு, அய்யாசாமி, மகள் பொன்னி, நாலாக் கரை, லோதி ரோடு, புது டெல்லி.

பொன்னி பிறந்ததே எழுபத்துநாலில்.

அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். பத்தடி தள்ளி அருக்காணி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். மூச்சு புகையாகப் போய்க்கொண்டிருந்தது.

அன்றைக்குத் தேதி தை பத்து. வெள்ளிக்கிழமை.

படித்த கையோடு கிழிக்கணும். இரண்டு கையும் கார்டின் ஓரத்தைப் பிடித்துவிட்டன. லேசாக ஒரு முறுக்கு... அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து ரோட்டில் புல்டோசர் இருமியது. டீசல் புகை குடிசைகளுக்குள் புகுந்தது. பொன்னி விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

அய்யாசாமி கார்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

மேஜையில் ஹிந்திக்கார கிளார்க் ஒருவன். தமிழ் எழுத்தைப் படித்துச் சொல்ல, பக்கத்தில் பாலசுப்ரமணியம் என்று ஒரு தமிழர். நல்ல மனுஷன். ஒவ்வொரு கார்டையும் மரியாதையாக இரண்டு கையால் வாங்கினார். அய்யாசாமி முறை வந்தது. நீட்டினான். ஆனால் விரல் விடவில்லை.

"தேனா ஹை யா நஹி? ஜல்தி கரோ," என்றான் கிளார்க். தரப்போறியா இல்லையா, சீக்கிரம் என்று அர்த்தம்.

பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பீர்களா என்று கேட்டான் அய்யாசாமி. கிழிக்க வேண்டும் என்றான். கிழிந்த காகிதம் செல்லாது, இது ஃபைலில்தான் இருக்கும் என்றார் பாலசுப்ரமணியம். மெதுவாக அவன் விரலிலிருந்து கார்டை எடுத்துப் படித்தார். முகம் மாறியது.

"சம்சாரம் தவறிட்டாங்களா?"

பின்னால் முதல் குடிசை விழுகிற சத்தம் கேட்டது. தகரம் நசுங்கும் சத்தம். வரிசை நெருக்கியது.

அய்யாசாமி ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

"பொண்ணுக்கு என்ன வயசு?"

"பத்துங்க," என்றான், கார்டின் வருஷத்துக்கு ஒத்துவரும்படி கூட்டி.

பாலசுப்ரமணியம் ஹிந்தியில் சொல்ல, கிளார்க் எழுதிக்கொண்டான். புருஷன் ஒன்று. மகள் ஒன்று. மனைவி இல்லை. ஃபைலில் கோர்க்கக் கார்டில் துளை போட்டான். சடக். மனை நம்பர் எழுதிய சீட்டு அய்யாசாமி கைக்கு வந்தது.

திரும்பி ஓடினான். குடிசை இருந்த இடத்தில் மண். பொன்னி மட்டும் ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தாள். அம்மா எங்கே என்று கேட்டான். அவள் அவன் காலைக் கட்டிக்கொண்டாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு லாரிக்கு ஓடினால்... அங்கே, மூட்டைகளுக்கு நடுவில், மூலையில் உட்கார்ந்திருந்தாள் அருக்காணி. மடியில் பாத்திரச் சாக்கு.

"ஏனுங்க, அழுவறீங்களா?" என்று கேட்டாள்.

லாரி யமுனைப் பாலத்தைத் தாண்டும் வரை அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை அவன். சந்திரம்மாள் நடுவில் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதாள். இடம் கிடைத்த அழுகை என்று நினைத்தான்.

சாயங்காலம் ஆனது. ஆறு மணி... ஏழு மணி... சுண்ணாம்புக் கோடு போட்ட வெட்டவெளியில் அருக்காணி மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினாள். "நம்ம எடமுங்க," என்று தரையைத் தட்டிப் பார்த்தாள். எட்டு மணி. பத்து மணி. விடிந்தது. அவள் எழுந்து கோலம் போட்டாள்.

அய்யாசாமிக்கு உயிர் வந்தது. கார்டாவது மண்ணாவது என்று நினைத்துக்கொண்டான்.

ஆனால் மனசு கேட்கவில்லை. திங்கட்கிழமை ஆபீசுக்குப் போய்க் கார்டைக் கேட்டான். தரமாட்டோம் என்றார்கள். மறுநாளும் போனான். மூன்றாவது தடவை பாலசுப்ரமணியமே வெளியே வந்து, தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார வைத்தார். கார்டை எடுத்தால் மனை போய்விடும், குழந்தையை வைத்துக்கொண்டு எங்கே போவாய் என்று கேட்டார்.

"எம் பொண்டாட்டி உசுரோட இருக்காளுங்க சார். நான் பொய் சொல்லிட்டனுங்க."

பாலசுப்ரமணியம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்துபோய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார்.

"குடிங்க அய்யாசாமி," என்றார்.

நாட்கள் போயின. பொன்னி அவனோடுதான் சாப்பிட்டாள், அவனோடுதான் தூங்கினாள். அம்மா கூப்பிட்டால் திரும்புவதில்லை. பழைய இடத்தை விட்டு வந்த கோபம் என்று விட்டுவிட்டான். சந்திரம்மாள் தினமும் ஒரு கிண்ணம் குழம்பு கொண்டுவந்து வைத்தாள். எங்கள் வீட்டில்தான் சமைக்கிறோமே என்றால், தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள்.

பதினாறாம் நாள். நல்ல பகல். பன்னிரண்டு மணி வெயில்.

புதுசாகப் போட்ட குடிசைக்கு வெளியே நின்ற ஆளைப் பார்த்து அய்யாசாமி திடுக்கிட்டான். சுப்பையா. அருக்காணியின் கூடப்பிறந்த தம்பி. ஊரிலிருந்து ரயில் ஏறி வந்திருக்கிறான். கையில் ஒரு மஞ்சள் பை.

"வாடா தம்பி," என்று எழுந்தாள் அருக்காணி. ஓடிப்போய் வாசலில் நின்றாள்.

சுப்பையா அவளைத் தாண்டி உள்ளே வந்தான். அவள் பக்கம் கண்கூடத் திரும்பவில்லை. அய்யாசாமியைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"அக்கா போயிருச்சுன்னு உங்க பேரு போட்ட கார்டு வந்துதுங்க மச்சான்... படிச்சவுடனே கிழிச்சுட்டோம்."

பையிலிருந்து ஒரு கோடிச் சேலையை எடுத்தான். பிறந்த வீட்டுக் கோடி. அதை எங்கே வைப்பது என்று சுற்றும்முற்றும் பார்த்தவன், தரையைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

மூன்று தட்டில் சோறு போட்டிருந்தது.

"பொன்னி இருக்கா, நீங்க இருக்கீங்க... மூணாவது தட்டு யாருக்குங்க மச்சான்?"

அய்யாசாமி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அருக்காணி வந்து அந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். பொன்னி மெதுவாக நகர்ந்து மாமன் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். கண் மட்டும் அந்தத் தட்டின் மேலேயே இருந்தது.

அதற்குள் சுப்பையாவும் பார்த்துவிட்டான். சோற்றிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரு குழி விழுந்தது. குழம்பு அதில் மெல்ல இறங்கியது. அப்புறம்... சோற்றின் மேல், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, நாலு விரல் பதிந்தது.