கியூபாவில் பார்க்காத கடற்கரை

தோர்ண்டன் ஹீத் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். கணவரின் நகங்களுக்குள் கறுப்பு எண்ணெய்.

"கியூபாவுக்குப் போய்க் கடற்கரையைப் பாக்காமல் வந்த ஒரே ஆள் நீங்கள்தான்," என்றார் மனைவி. "ஹொலிடே முழுக்க நாங்கள் தங்கின வீட்டுக்கார மனிசன்ரை காருக்குக் கீழை கிடந்தனீங்கள்."

"அது அப்பிடிப்பட்ட பழைய அமெரிக்கன் காரப்பா! அமெரிக்கன் தடை போட்டு அதுக்கு உதிரிப்பாகம் ஒண்டும் விடுறானில்லை. அந்தாள் ரஷ்யன் எஞ்சினைப் பூட்டி ஓடுது."

"இதென்ன புதினம்? ஊரிலை சண்டை நேரம், எங்கடை பொருளாதாரத் தடைக்காலத்திலை நீங்களும் ஒரு சொட்டுப் பெற்றோலிலை ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயிலை மோட்டார்சைக்கிள் ஓடினனீங்கள்தானே."

"ஓம். புரட்சி செய்த சனமும் எங்களைப்போலைதான்."

"அவையள் அதோடை நிக்கேல்லை. அந்தாளின்ரை மகள் தடுப்பூசி கண்டுபிடிக்கிற இடத்திலை வேலை. வெளியிலை இருந்து மருந்து வராதெண்டு தாங்களே செய்யினம். நீங்கள் என்னெண்டா, கார் எல்லாம் கொம்பியூட்டராப் போச்சு, எங்கடை கராஜைப் பூட்டுவம் எண்டுறீங்கள்."

நான் இறங்கவேண்டிய தரிப்பிடம் வந்தது. பேச்சு சூடாகிற இந்த நேரத்தில் யார் இறங்குவார்கள்?

"இந்த வயசிலை எனக்கு அது படிக்க ஏலாதப்பா."

மனைவி எழுந்து மணியை அழுத்தினார்.

"இது எங்கடை ஸ்டொப் இல்லையே?"

"கொலிஜ் இதிலைதான். கார் கொம்பியூட்டர் வகுப்புக்கு நான் பேர் குடுக்கப்போறன். நீங்கள் காருக்குக் கீழை கிடவுங்கோ. கொம்பியூட்டரை நான் பாக்கிறன்."